கிலோவுக்குக் காசா, கிடங்குக்குக் காசா?
ஹைட்ரஜன் மின்சேமிப்பும் அமெரிக்க வரிச்சலுகைகளும்

(மின்பொறியாளர்களும் தணிக்கையாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொறியாளர்களும் தணிக்கையாளர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்கும்படியான தலைப்பு எளிதில் அமைவதில்லை. இன்று அப்படி ஒன்று அமைந்திருக்கிறது. மின்சாரத்தை ஹைட்ரஜனாக மாற்றிச் சேமித்து வைப்பதற்கு அரசு வரிச்சலுகை தரலாமா, தருவதானால் அந்த வேலையின் எந்தப் பகுதிக்குத் தர வேண்டும் என்பதே கேள்வி. இதற்கு மிகத் தாராளமாகப் பணம் எடுத்து வைத்து விடை தேடிய நாடு அமெரிக்கா. 2022-இல் சட்டம் போட்டார்கள். 2025-இல் அதன் ஒரு பகுதியைச் சுருட்டிக்கொண்டார்கள். இடையில் அங்கே நடந்த வாதம் ஆழமானது. நாமும் இப்போது இதே வழியில் கால் வைத்திருப்பதால், அந்த வாதத்தைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜனைச் சேமிப்பு வழியாக நம்புகிறோம் என்றால், சலுகை சேமிக்கும் வேலைக்குப் போக வேண்டும். உற்பத்தியாகும் கிலோவை எண்ணிக் காசு கொடுத்தால், சேமிப்புக்கு நேர் எதிரான பழக்கத்தை வளர்த்ததாகத்தான் முடியும். இதை வெறும் அபிப்பிராயமாக விட்டுவிடாமல் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் பொறியியல். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து மின்பகுப்பு மூலம் எடுக்க, இன்றைய எலக்ட்ரோலைசர்களில் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகிறது. 52 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கும் எரிசக்தி ஏறத்தாழ 33 யூனிட். அதை எரிவாயு டர்பைனிலோ எரிபொருள் கலத்திலோ கொடுத்து மறுபடி மின்சாரமாக்கினால் கைக்கு வருவது 17 முதல் 20 யூனிட். ஐம்பத்திரண்டைக் கொடுத்துப் பதினெட்டை வாங்குகிறோம். லித்தியம் பேட்டரியில் நூறு யூனிட் போட்டால் எண்பத்தைந்துக்குக் குறையாமல் திரும்பி வரும். நீரேற்று மின்நிலையம்கூட எழுபத்தைந்து, எண்பது தரும். இந்த ஒரு கணக்கை மட்டும் பார்ப்பவர் ஹைட்ரஜனை உடனே தள்ளிவிடுவார்.

ஆனால் சேமிப்பில் இரண்டு கேள்விகள் உண்டு. எவ்வளவு திரும்பி வரும் என்பது ஒன்று. எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது இன்னொன்று. பேட்டரியில் கூடுதலாக ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேமிக்க, அதே விலையில் இன்னொரு அடுக்கு பேட்டரி வாங்க வேண்டும். அதனால்தான் அது நான்கு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று நிற்கிறது. ஹைட்ரஜனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செய்யும் எந்திரம் ஒன்று, எரிக்கும் எந்திரம் ஒன்று, நடுவில் கிடங்கு. கிடங்கை மட்டும் பெரிதாக்கினால் போதும். எந்திரங்களை மாற்ற வேண்டியதில்லை. பேட்டரி அடுப்படியில் இருக்கும் அரிசிப் பானை என்றால், இது அறுவடையை அடுத்த போகம் வரை வைத்திருக்கும் பத்தாயம். பத்தாயத்தில் எலி தின்றது போகத்தான் மிஞ்சும் என்பது தெரிந்தே நம் முன்னோர் அதைக் கட்டினார்கள்.

எங்கே இதற்குத் தேவை? கலிஃபோர்னியாவைப் பாருங்கள். அங்கே மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நன்றாக அடிக்கும், ஆனால் ஏசி போடும் அளவுக்குச் சூடு இருக்காது. பகல் நேரத்தில் சூரிய மின்சாரம் தேவைக்கு மேல் வந்து நிற்கும். வேறு வழியின்றி நிறுத்தச் சொல்வார்கள். 2024-இல் மட்டும் கலிஃபோர்னிய மின்தொடரில் இப்படி வெட்டப்பட்ட சூரிய, காற்று மின்சாரம் 340 கோடி யூனிட். முந்தைய ஆண்டைவிட 29 விழுக்காடு அதிகம். அதில் பெரும்பகுதி சூரிய மின்சாரம். வசந்த காலத்து உபரியை ஆகஸ்ட், செப்டம்பர் வரை கொண்டுபோக எந்த பேட்டரியாலும் கட்டுப்படியாகாது. வீணாகப் போகும் ஐம்பத்திரண்டு யூனிட்டிலிருந்து பதினெட்டு கிடைத்தால், அந்தப் பதினெட்டும் லாபம்தான். ஹைட்ரஜன் சேமிப்புக்கான நியாயம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அந்த மின்சாரம் உண்மையிலேயே வீணாகப் போக இருந்ததா என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. இதை நினைவில் வையுங்கள். சட்டத்துக்குப் போகும்போது திரும்ப வரும்.

கிடங்கு எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். யூட்டா மாநிலத்தில் டெல்டா என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் வறண்ட பாலை நிலம். நிலத்துக்கு அடியில் பெரிய உப்புப் படிவம் இருக்கிறது. அதில் துளையிட்டு நன்னீரை இறக்குகிறார்கள். உப்பு கரைகிறது. கரைந்த உப்புநீரை மேலே இறைத்துத் தொட்டிகளில் ஆவியாக விடுகிறார்கள். இப்படிப் பல மாதங்கள் கரைத்துக் கரைத்து உள்ளே ஒரு வெற்றிடத்தை உருவாக்குகிறார்கள். மனிதர் யாரும் உள்ளே இறங்குவதில்லை; தண்ணீரே குடைகிறது. இரண்டு குகைகள். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 45 லட்சம் பீப்பாய், அதாவது ஏழு லட்சம் கன மீட்டர். ஒவ்வொன்றின் உயரமும் ஏறத்தாழ 1,200 அடி. உப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அழுத்தத்தில் அது மெல்ல இளகி, விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். உலகத்திலேயே மிகச் சிறிய மூலக்கூறான ஹைட்ரஜனை அடைத்து வைக்க இதைவிட நல்ல சுவர் கிடைப்பது அரிது.

இது புதுத் துணிச்சலும் இல்லை. இங்கிலாந்தின் டீஸைடில் 1970-களிலிருந்தே உப்புக் குகைகளில் ஹைட்ரஜன் வைத்திருக்கிறார்கள். டெக்சஸில் கிளெமன்ஸ் குகை 1983-இலிருந்தும், மாஸ் பிளஃப் 2007-இலிருந்தும் இயங்குகின்றன. அவை எல்லாம் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் ரசாயன ஆலைகளுக்கும் வேண்டிய கையிருப்பு. மின்சாரத்துக்காக, அதுவும் பருவம் விட்டுப் பருவம் வைப்பதற்காக, இவ்வளவு பெரிய அளவில் எடுக்கப்பட்ட முயற்சி டெல்டாவில்தான்.

அங்கே 220 மெகாவாட் எலக்ட்ரோலைசர். நாள் முழுதும் ஓடினால் 52 லட்சம் யூனிட்டுக்கு மேல் குடித்து 100 டன் ஹைட்ரஜன் தரும். இரண்டு குகைகளும் சேர்ந்து 30 கோடி யூனிட் எரிசக்தியைத் தாங்கும் என்பது திட்டத்தார் சொல்லும் அளவு. ஓயாமல் ஓட்டினாலும் நிரப்ப மூன்று மாதங்களுக்குக் குறையாது. நூறு மெகாவாட், நான்கு மணி நேர பேட்டரி நிலையம் ஒன்றில் நான்கு லட்சம் யூனிட் இருக்கும். முப்பது கோடிக்கு இணையாக அப்படி 750 நிலையங்கள் வேண்டும். டர்பைனில் பாதி போய்விடும் என்று கழித்துக்கொண்டாலும் 375 வேண்டும். குகைக்குப் பக்கத்திலேயே இன்டர்மவுன்டன் மின்நிலையம் இருக்கிறது. 1,800 மெகாவாட் நிலக்கரி நிலையமாக இருந்த இடம். அங்கே 840 மெகாவாட் எரிவாயு டர்பைன்கள் வைத்து, தொடக்கத்தில் 30 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்து எரித்து, 2045-க்குள் முழுவதும் ஹைட்ரஜனுக்கு மாறுவது திட்டம். மின்சாரத்தை வாங்குவதில் முதலிடம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு. நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டுபோக 1980-களில் போட்ட 488 மைல் நேர்மின்னோட்டக் கம்பிப்பாதை அப்படியே பயன்படுகிறது.

தணிக்கையாளர் நண்பர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி. இந்தத் திட்டத்துக்கு அமெரிக்க எரிசக்தித் துறை 50 கோடி 44 லட்சம் டாலர் கடன் உத்தரவாதம் கொடுத்தது 2022 ஜூனில். நான் பேசப்போகும் வரிச்சட்டம் வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். அதாவது, ஹைட்ரஜன் வரிச்சலுகை பிறப்பதற்கு முன்பே, வாங்குவோர் உறுதியாக இருந்ததாலும் கடன் கிடைத்ததாலும் குகை தோண்டும் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

இனி சட்டம். 2022 ஆகஸ்ட் 16 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் ஹைட்ரஜனுக்கு இரண்டு வாசல்கள் திறந்தன. இரண்டுமே வரிக்கழிவுகள். வருமானத்திலிருந்து கழிப்பது இல்லை. கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழித்துக்கொள்வது. ஒரு டாலர் கழிவு என்றால் கையில் ஒரு டாலர்.

முதல் வாசல் வரிச்சட்டத்தின் 48-ஆம் பிரிவு, முதலீட்டுக் கழிவு. அதுவரை தனியாக நிற்கும் சேமிப்பு நிலையத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. சூரிய மின்நிலையத்தோடு இணைத்து, அதிலிருந்தே பெரும்பாலும் மின்னேற்றினால்தான் பேட்டரிக்குச் சலுகை. புதிய சட்டம் சேமிப்பைத் தனிச் சொத்தாக ஏற்றது. கூலியும் தொழிற்பழகுநர் நியமனமும் விதிப்படி இருந்தால் முதலீட்டில் 30 விழுக்காடு, இல்லாவிட்டால் 6 விழுக்காடு. குறைந்தது 5 யூனிட் கொள்ளளவு இருந்தால் போதும். பேட்டரி போன்றவற்றுக்கு ஒரு நிபந்தனை: வாங்கிய எரிசக்தியைச் சேமித்து, மறுபடி மின்சாரமாவதற்குக் கொடுக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு மட்டும் சட்டத்திலேயே விலக்கு எழுதினார்கள். எரிசக்தியைச் சேமித்தாலே போதும். அது மின்சாரமாகத் திரும்ப வேண்டியதில்லை.

இந்த விலக்கு சின்னதாகத் தெரியும். ஆனால் விளைவு பெரியது. உரத் தொழிற்சாலைக்கு அமோனியா செய்ய ஹைட்ரஜனை ஒரு தொட்டியில் வைத்தால் அது எரிசக்திச் சேமிப்பா? 2023 நவம்பரில் வெளியிட்ட வரைவு விதியில், எரிசக்தியாகப் பயன்படும் ஹைட்ரஜனை வைக்கும் தொட்டிக்கு மட்டுமே சலுகை, உரத்துக்குப் போனால் இல்லை என்று கருவூலத் துறை எழுதியது. தொழில்துறை எதிர்த்தது. தொட்டியில் இருக்கும் வாயு நாளைக்கு எங்கே போகும் என்று இன்றைக்கு எப்படிச் சான்று தருவது என்று கேட்டார்கள். 2024 டிசம்பரில் வந்த இறுதி விதியில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். தொட்டி, நிலத்தடிக் கிடங்கு, அமுக்கி, திரவமாக்கும் கருவி எல்லாம் கழிவுக்குள் வந்தன. கேள்வியின் நியாயம் புரிகிறது; ஆனாலும் வரைவு விதியே சரியானது என்பது என் எண்ணம். மின்சேமிப்பின் பெயரால் கொடுக்கும் வரிப்பணம் மின்தொடருக்கு உதவாத தொட்டிக்குப் போவது முறையாகாது. சான்று கேட்பது கடினம் என்றால் சான்று முறையைச் செம்மையாக்கலாம். நிபந்தனையையே எடுத்துவிட்டது எளிய வழி.

இரண்டாவது வாசல்தான் பேரைத் தட்டிக்கொண்டு போனது. 45வி பிரிவு, தூய ஹைட்ரஜன் உற்பத்திக் கழிவு. ஆலை ஓடத் தொடங்கிய நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு, கிலோ ஒன்றுக்கு 3 டாலர் வரை. எவ்வளவு கிடைக்கும் என்பது வெளியாகும் கரியமில வாயுவைப் பொறுத்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 4 கிலோவுக்கு மேல் வாயு வெளியானால் ஒன்றும் இல்லை. நான்கிலிருந்து இரண்டரை வரை 60 சென்ட். ஒன்றரை வரை 75 சென்ட். 0.45 வரை 1 டாலர். அதற்கும் கீழே போனால் ஒரே தாவலில் 3 டாலர். 0.46-க்கும் 0.44-க்கும் இடையே இரண்டு டாலர் வித்தியாசம். இப்படிச் செங்குத்தாகப் படி வைத்தால் எல்லாரும் அந்தக் கடைசிப் படியைக் குறிவைத்தே கணக்கு எழுதுவார்கள் என்பது தணிக்கையாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த 3 டாலரை 52 யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். எலக்ட்ரோலைசர் குடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 6 சென்ட். காற்றாலைக்கும் சூரிய மின்நிலையத்துக்கும் கொடுக்கும் உற்பத்திக் கழிவு யூனிட்டுக்கு 3 சென்ட்டை ஒட்டித்தான் இருக்கிறது. மின்சாரத்தைச் செய்வதற்குக் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு, அதைச் செலவழிப்பதற்கு. இரண்டையும் ஒரே மின்சாரத்தின் மேல் அடுக்கி வாங்கவும் சட்டம் இடம் தந்தது.

இப்போது முதலில் சொன்ன கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோவாட் எலக்ட்ரோலைசர் எடுத்துக்கொள்வோம். சேமிப்புக்காகவே அதை வைத்திருக்கும் ஒருவர், உபரி இருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுவார். ஆண்டுக்கு 1,500 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 29 கிலோ கிடைக்கும். பத்து ஆண்டில் அவருக்கு வரும் கழிவு 865 டாலர். அடுத்தவர் அதே எந்திரத்தை ஆண்டுக்கு 8,000 மணி நேரம், அதாவது இரவு பகல் பாராமல், மின்தொடர் திணறும் மாலை ஏழு மணியிலும் நிறுத்தாமல் ஓட்டுகிறார். அவருக்கு 4,600 டாலர். எந்திரம் ஒன்றே. உபரியை எடுத்துக்கொண்டு, பற்றாக்குறையில் ஒதுங்கி நின்று, மின்தொடருக்குத் தோள் கொடுத்தவருக்குக் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதுதான் சேமிப்பின் உயிர். கிலோவை எண்ணும் சட்டம் அந்த நிற்றலுக்கு அபராதம் போடுகிறது.

இதைவிட விபரீதமான ஒன்றும் இருக்கிறது. ஒருவர் 52 யூனிட்டில் ஒரு கிலோ செய்து, அதைத் தானே எரித்து 18 யூனிட்டைத் திரும்ப எடுத்து, குறையும் 34 யூனிட்டை வெளியில் வாங்கி மறுபடி ஒரு கிலோ செய்கிறார். யூனிட் 5 சென்ட் என்றால் குறை நிரப்பச் செலவு 1 டாலர் 70 சென்ட். கழிவு 3 டாலர். உலகத்துக்கு எந்தப் பயனும் இல்லாமல் மின்சாரத்தைச் சூடாக்கிக் காற்றில் விட்டே லாபம் பார்க்கலாம். இது நான் மேடைக்காகப் புனைந்தது இல்லை. இதைத் தடுக்கவே கருவூலத் துறை விதி எழுத வேண்டியிருந்தது. ஹைட்ரஜனை மறுபடி ஹைட்ரஜன் செய்வதற்கான மின்சாரமாக மாற்றுவது, வெறுமனே வெளியே விடுவது, கொளுத்திவிடுவது, இவை எதுவும் பயன்பாடாகக் கணக்கில் வராது என்று எழுதினார்கள். ஒரு சட்டத்துக்கு இப்படி ஒரு காவல் விதி தேவைப்படுகிறது என்றால், தொகை வைத்த இடத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, எந்த மின்சாரம் தூய மின்சாரம் என்ற சண்டை. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அமெரிக்க மின்தொடரின் சராசரி மின்சாரத்தைக் கொண்டு எலக்ட்ரோலைசர் ஓட்டினால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 20 கிலோ கரியமில வாயு வரும். இயற்கை எரிவாயுவிலிருந்து பழைய முறையில் செய்தாலே 10 கிலோதான். அதாவது கணக்கு தவறினால், பசுமை ஹைட்ரஜன் என்று பெயர் சூட்டியது பழைய ஹைட்ரஜனைவிட இரு மடங்கு கேடு செய்யும். எனவே மூன்று நிபந்தனைகள் பேசப்பட்டன. முதலாவது, மின்சாரம் தரும் காற்றாலையோ சூரிய நிலையமோ புதிதாக வந்ததாக இருக்க வேண்டும். அதாவது, ஹைட்ரஜன் ஆலை தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் அமைந்திருக்க வேண்டும். இரண்டாவது, இரண்டும் ஒரே மின்வட்டாரத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, நேரம் பொருந்த வேண்டும்: காற்றாலை சுற்றிய அதே மணி நேரத்தில் எலக்ட்ரோலைசர் ஓடியிருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனைக்குத்தான் பெரும் எதிர்ப்பு. ஆண்டுக் கணக்கு போதும், ஆண்டு முழுவதும் வாங்கிய தூய மின்சாரமும் செலவழித்ததும் சமமானால் சரி என்றார்கள் ஒரு சாரார். 2023 டிசம்பரில் வரைவு வந்தபோது ஏறத்தாழ 30,000 கருத்துகள் கருவூலத் துறைக்கு வந்து குவிந்தன. வரிச்சட்டத்தின் ஒரு உட்பிரிவுக்கு இத்தனை பேர் எழுதினார்கள் என்பதே எனக்கு மதிப்பைத் தருகிறது. 2025 ஜனவரி 3 அன்று இறுதி விதி வந்தது. 2030-இலிருந்து மணிக்கணக்கு கட்டாயம். அதுவரை ஆண்டுக் கணக்கு. வரைவில் 2028 என்று இருந்ததை இரண்டு ஆண்டு தள்ளினார்கள். மூடப்படும் நிலையில் உள்ள அணு உலைகளுக்கும் சில மாநிலங்களுக்கும் தளர்வு கொடுத்தார்கள். ஆனால் மணிக்கணக்கு என்ற கொள்கையை விடவில்லை. அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

இந்தச் சண்டை உங்களுக்குப் புரியாத ஒன்றில்லை. கோவையிலும் திருப்பூரிலும் காற்றாலை வைத்திருக்கும் ஆலை அதிபர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்த பேங்கிங் இதேதான். ஆடிக்காற்றில் ஓடிய யூனிட்டுகளை மின்வாரியத்திடம் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்வது. தமிழ்நாட்டில் காற்றாலைகள் வளர அந்த ஏற்பாடு பெரிதும் உதவியது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆடியில் வந்த மின்சாரம் ஆடியிலேயே செலவாகிவிட்டது. தை மாதத்தில் ஆலைக்குப் போன யூனிட்டில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. பேரேட்டில் சேமிப்பு நடந்தது, மின்தொடரில் நடக்கவில்லை. ஹைட்ரஜன் சேமிப்பு என்பது இந்தப் பேரேட்டு வேலையை நிஜமாகவே செய்து காட்டும் தொழில்நுட்பம். அதற்குரிய மின்சாரத்தையே பேரேட்டுக் கணக்கில் எடுக்க விட்டால், அந்தத் தொழில்நுட்பத்தை ஏன் வளர்க்கிறோம்?

மணிக்கணக்கு நிபந்தனை, கிலோவை எண்ணும் சட்டத்தையும் ஓரளவு சேமிப்பின் பக்கம் திருப்புகிறது. காற்று வீசும்போது ஓடு, நின்றால் நில் என்கிறது. அதே நிபந்தனையால் எலக்ட்ரோலைசருக்கு அடுத்து ஒரு கிடங்கு தேவையாகிறது. ஏனென்றால் வாங்குகிற தொழிற்சாலை காற்றைப் பார்த்து ஓடாது. இப்படித்தான் 45வி-யின் ஒரு விதி 48-ஆம் பிரிவின் கிடங்குக்கு வேலை கொடுத்தது. சட்டம் எழுதியவர்கள் இதை முழுவதும் நினைத்துச் செய்தார்களா தெரியாது, பலன் நல்லது.

அதன் பிறகு ஆட்சி மாறியது. 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தில் 45வி-யின் ஆயுள் வெட்டப்பட்டது. முன்பு 2033-க்கு முன் கட்டுமானம் தொடங்கினால் போதும் என்று இருந்தது. இப்போது 2028 ஜனவரி 1-க்கு முன் தொடங்கியாக வேண்டும். பிரதிநிதிகள் சபை 2025-ஆம் ஆண்டோடேயே முடித்துவிடப் பார்த்தது. செனட் சபைதான் இரண்டு ஆண்டு கூட்டியது. அதே ஆண்டு அக்டோபரில், 700 கோடி டாலர் திட்டமாக 2023-இல் அறிவித்த ஏழு ஹைட்ரஜன் மையங்களில் கலிஃபோர்னியாவுக்கும் பசிபிக் வடமேற்கு மாநிலங்களுக்கும் உரிய மையங்களின் நிதியை எரிசக்தித் துறை நிறுத்தியது.

ஆனால் சேமிப்புக்கான முதலீட்டுக் கழிவு பிழைத்துக்கொண்டது. சீனத் தொடர்புடைய நிறுவனங்களின் பொருள்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. மற்றபடி 2033 முடிவு வரை கட்டுமானம் தொடங்கும் சேமிப்பு நிலையங்களுக்கு முழுக் கழிவு உண்டு. சூரிய, காற்று மின்நிலையங்களுக்கே கத்தரி விழுந்த சட்டத்தில் சேமிப்பு தப்பியது சாதாரணச் செய்தி இல்லை. என் கணிப்பைச் சொல்கிறேன். கிலோவுக்கு 3 டாலர் என்பது அடுத்தவர் கண்ணை உறுத்தும் தொகை; எவ்வளவு செலவாகும் என்று அரசுக்கே வரம்பு தெரியாத தொகை. கிடங்குக்குக் கொடுக்கும் 30 விழுக்காடு ஒருமுறை கொடுத்து முடிவது, கண்ணுக்குத் தெரியும் சொத்துக்குக் கொடுப்பது, எந்தக் கட்சிக்காரரின் தொகுதியிலும் மின்தடையைக் குறைக்கக்கூடியது. அப்படிப்பட்ட சலுகைக்குத்தான் ஆயுள் கெட்டி.

இந்தியாவுக்கு வருகிறேன். சுருக்கமாகவே பேசுவேன், ஏனென்றால் நம் கதை இப்போதுதான் தொடங்குகிறது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. ஒதுக்கீட்டில் 17,490 கோடி எலக்ட்ரோலைசர் தயாரிப்புக்கும் ஹைட்ரஜன் உற்பத்திக்கும். நாம் வரிக்கழிவு வழியில் போகவில்லை, நேரடி ஊக்கத்தொகை. கிலோவுக்கு முதல் ஆண்டு 50, இரண்டாம் ஆண்டு 40, மூன்றாம் ஆண்டு 30 ரூபாய் என்பது உச்சவரம்பு. ஏலத்தில் குறைத்துக் கேட்பவருக்குக் கிடைக்கும். அமெரிக்காவின் பத்தாண்டு, 3 டாலரோடு ஒப்பிட்டால் இது மிகவும் அடக்கமானது, நிதானமானது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் இதுவும் கிலோவை எண்ணும் முறைதான். கிடங்குக்கென்று தனி ஊக்கம் இதில் இல்லை. பேட்டரி நிலையங்களுக்கு 2023 செப்டம்பரில் மூலதனச் செலவில் 40 விழுக்காடு வரை நிதியுதவி அறிவித்தார்கள். ஹைட்ரஜன் கிடங்கு அந்த வரிசையில் சேரவில்லை.

கிடங்கு அமைப்பதும் நமக்கு எளிதில்லை. உப்புப் படிவம் ராஜஸ்தானில் இருக்கிறது. காற்று அதிகம் வீசும் நம் தென் மாவட்டங்களுக்கு அடியில் கருங்கல்தான். எனவே நமக்கு எஃகுத் தொட்டியும் குழாயும் அமோனியாவும்தான் வழி. அவை குகையைவிடப் பல மடங்கு விலை. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சிறு முன்னோடி ஆலை தொடங்கியிருக்கிறார்கள். அதன் மின்சாரம் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்குப் போகிறது. அளவில் சிறியது என்றாலும், ஹைட்ரஜனை மறுபடி மின்சாரமாக்கிப் பயன்படுத்துவது என்ற வகையில் நான் மதிக்கும் முயற்சி.

எனக்குக் கவலை தருவது வேறு ஒன்று. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட பசுமை ஹைட்ரஜன் தர அறிவிக்கையில், ஒரு கிலோவுக்கு 2 கிலோ கரியமில வாயு என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். நல்ல வரம்பு. ஆனால் அது பன்னிரண்டு மாதச் சராசரி. மின்தொடரில் பேங்கிங் செய்த மின்சாரமும் புதுப்பிக்கத்தக்க மின்சாரமாகவே ஏற்கப்படும் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. அமெரிக்காவில் இரண்டு ஆண்டுக்கு மேல் சண்டை போட்டு, 30,000 கருத்துகளைக் கேட்டு, 2030-க்குள் மூட முடிவு செய்த அதே கதவு இங்கே திறந்திருக்கிறது. தொழில் தொடங்கும் காலத்தில் இந்தத் தளர்வு தேவை என்றால், அதற்கு ஒரு கடைசித் தேதி வேண்டும். இன்றைய அறிவிக்கையில் தேதி இல்லை.

ஆகவே இந்த அவையில் இருப்பவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். பொறியாளர்கள், உங்கள் நிலையங்களில் எந்த மாதம், எந்த மணி நேரத்தில் எவ்வளவு காற்று மின்சாரம் வெட்டப்படுகிறது என்ற கணக்கைப் பொதுவில் வைக்கப் பாடுபடுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் உபரி எது என்று யாராலும் சொல்ல முடியாது. தணிக்கையாளர்கள், ஹைட்ரஜன் திட்டங்களின் சான்றைப் பார்க்கும்போது ஆண்டுத் தொகையோடு நிற்காமல் மணிக்கணக்கைக் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் அது வழக்கமாகும். மூன்றாவது எல்லாருக்கும்: மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் மத்திய அமைச்சகமும் வரைவு விதி வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது, தயவுசெய்து எழுதுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் போதும். கிலோவுக்குக் கொடுக்கும் ஊக்கத்தில் ஒரு பங்கைக் கிடங்குக்கு மாற்றுங்கள், பேங்கிங் மின்சாரத்துக்குக் கடைசித் தேதி வையுங்கள் என்று அந்த ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.